காதில் சீழ், கண்ணெதிரே குளம்

காதில் சீழ் வடிகிற பிள்ளையைக் குளத்தில் இறங்க விடலாமா என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் கூடாது என்றுதான் பதில் வரும். தலைக்கு ஊற்றும்போது எண்ணெய் தொட்ட பஞ்சைக் காதில் அடைத்துவிடுவார்கள். ஆறு, குளம், கிணறு எதன் பக்கமும் அந்தப் பிள்ளையை விடமாட்டார்கள். காது டாக்டர்களும் தலைமுறை தலைமுறையாக இதையே சொல்லிவந்தார்கள். ஆனால் 2000-ஆம் ஆண்டில் மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் இரண்டு பழங்குடிச் சிற்றூர்களில் அரசு நீச்சல் குளம் கட்டித் திறந்தது. அங்கே ஏறத்தாழ மூன்றில் ஒரு பிள்ளைக்குச் செவிப்பறையில் ஓட்டை. பிள்ளைகள் குளத்தில் குதித்தார்கள். காது நிபுணர்கள் யாரும் தடுக்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து, ஒவ்வொரு காதையும் விளக்கடித்துப் பார்த்து, கண்டதை எழுதிக்கொண்டு போனார்கள்.

அந்த இரண்டு ஊர்களில் ஒன்று ஜிகலாங். பெர்த் நகரத்திலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடகிழக்கே, இரும்புத் தாது தோண்டும் பில்பரா வட்டாரத்தின் ஓரத்தில், செம்மண் வெளிக்கு நடுவே இருக்கிறது. ஐரோப்பியர் கொண்டுவந்து விட்ட முயல்கள் பெருகிப் பயிரையும் மேய்ச்சலையும் அழித்தபோது, மேற்கு ஆஸ்திரேலிய அரசு தென் கரையிலிருந்து வட கரை வரை 1,800 கிலோமீட்டருக்கு மேல் கம்பி வேலி போட்டது. 1907-இல் அந்த வேலியைப் பராமரிக்கும் ஆட்களின் முகாமாகத் தொடங்கியதுதான் ஜிகலாங். பாலைவனத்திலிருந்து வந்த மார்டு மக்கள் மெல்ல மெல்ல அதைச் சுற்றிக் குடியேறினார்கள்.

இந்த ஊரின் பெயர் வேறொரு காரணத்தால் உலகுக்குத் தெரியும். 1931-இல் மோலி, டெய்சி, கிரேசி என்ற மூன்று சிறுமிகளை அரசு இங்கிருந்து பிடித்து, பெர்த்துக்கு வடக்கே மூர் ரிவர் முகாமில் கொண்டுபோய் அடைத்தது. பழங்குடித் தாய்க்கும் வெள்ளைக்காரத் தந்தைக்கும் பிறந்த பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து வளர்ப்பது அன்றைய சட்டம். மூவரும் தப்பி, முயல் வேலியையே வழித்துணையாகப் பிடித்துக்கொண்டு, ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் வீடு நோக்கி நடந்தார்கள். கிரேசி வழியில் பிடிபட்டாள். மற்ற இருவரும் ஜிகலாங் வந்து சேர்ந்தார்கள். மோலியின் மகள் டோரிஸ் பில்கிங்டன் 1996-இல் இதைப் புத்தகமாக எழுதினார். 2002-இல் திரைப்படமாகவும் வந்தது. ஊரில் நீச்சல் குளம் திறந்தபோது மோலி உயிரோடிருந்தார். அரசாங்க ஆட்கள் பிள்ளைகளைத் தேடி வந்தால் என்ன நடக்கும் என்பதை உடம்பால் அறிந்த ஒரு தலைமுறை இருந்த ஊரில், வெளியூர் டாக்டர்கள் பிள்ளைகளின் காதைப் பார்க்கக் கேட்டார்கள், தாய்மார்களும் சம்மதித்தார்கள். அந்தச் சம்மதம் எவ்வளவு பெரியது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

காது நோய் அங்கே எந்த அளவில் இருந்தது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. செவிப்பறையில் ஓட்டை விழுந்து வாரக்கணக்கில் சீழ் வடிந்துகொண்டே இருக்கும் நிலையைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2004-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு சமூகத்தில் நூற்றில் நான்கு பேருக்கு மேல் இந்த நோய் இருந்தால், அதை உடனே கவனிக்க வேண்டிய பெரும் பொது சுகாதாரப் பிரச்சினையாகக் கொள்ள வேண்டும் என்றது. அந்த மிக மோசமான வரிசையில் ஆஸ்திரேலியப் பழங்குடிகளோடு இந்தியா, தான்சானியா, கிரீன்லாந்து, சாலமன் தீவுகள் ஆகியவையும் இடம்பெற்றன. காது வடிகிற பிள்ளைக்கு எண்ணெய்ப் பஞ்சு அடைக்கும் பழக்கம் நம்மூரில் இத்தனை பரவலாக இருப்பதற்கு அந்தப் பட்டியல் ஒரு விளக்கம். ஆஸ்திரேலிய உள்நாட்டின் சில பழங்குடி ஊர்களிலோ இந்த அளவு நாற்பது விழுக்காட்டைத் தாண்டியிருந்தது.

சீழ் வடிவதால் உயிர் போவது இன்று அரிது. கேட்கும் திறன்தான் போகிறது. பேசத் தொடங்கும் வயதில், எழுத்து பழகும் வயதில், ஆசிரியரின் சொற்கள் மங்கி மங்கிக் காதில் விழுகின்றன. பிள்ளை கவனிக்கவில்லை, அடங்கவில்லை, படிக்கவில்லை என்று பெயர் வாங்குகிறது. ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிரதேசத்துச் சிறைகளில் இருக்கும் பழங்குடிக் கைதிகளைப் பிற்காலத்தில் பரிசோதித்தபோது பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குறிப்பிடத்தக்க அளவு செவித்திறன் குறைந்திருந்தது.

தண்ணீர் மீதான பயம் எங்கிருந்து வந்தது என்று புரிய, காதின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வெளித்துளையிலிருந்து உள்ளே போகும் வழி செவிப்பறையில் முடிகிறது. பறை முழுதாக இருந்தால் அதற்கு அப்பால் ஒரு சொட்டுத் தண்ணீரும் போகாது. பறைக்குப் பின்னால் நடுக்காது என்ற சிறிய காற்றறை. அந்த அறையிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு மெல்லிய குழாய் ஒன்று இறங்குகிறது. 16-ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த எவுஸ்டாக்கியோ அதை விவரித்து எழுதினார். அவர் பெயரால் ஊஸ்டேகியன் குழாய் என்கிறோம். சிறு பிள்ளைகளுக்கு அது குட்டையாகவும் அதிகச் சாய்வில்லாமல் படுத்த நிலையிலும் இருப்பதால், மூக்கிலும் தொண்டையிலும் குடியிருக்கும் கிருமிகள் சுலபமாக மேலேறி நடுக்காதை அடைகின்றன. சளி பிடித்த மறுவாரம் காது வலிப்பது இதனால்தான். உள்ளே சீழ் கோத்து அழுத்தம் தாங்காமல் பறை கிழிந்தால் காது வடிகிறது. ஆக, பெரும்பாலான பிள்ளைகளுக்கு நடுக்காது நோய் மூக்கு வழியாக வருகிறது. வெளியே இருந்து புகுந்த தண்ணீர் அதற்குக் காரணமில்லை.

பறை ஓட்டையானால் கதை மாறும் என்பதுதான் டாக்டர்களின் அச்சம். அந்த ஓட்டையை வேண்டுமென்றே போட்டவர்களும் உண்டு. 1801-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர், ஊஸ்டேகியன் குழாய் அடைபட்டுக் காது கேளாமல் போனவர்களுக்குச் செவிப்பறையில் துளையிட்டுக் கேட்க வைத்ததை எழுதி, ராயல் சொசைட்டியின் காப்ளி பதக்கம் பெற்றார். துளை சில நாளில் மூடிக்கொண்டுவிடும் என்பதுதான் சிக்கல். வியன்னாவில் உலகெங்குமிருந்து மாணவர்களை ஈர்த்த ஆடம் பொலிட்சர் 1860-களில் கடின ரப்பரால் சின்ன வளையம் செய்து அந்தத் துளையில் பொருத்திப் பார்த்தார். கிருமி எது என்றே உலகம் தெளியாத காலம் அது. வளையம் அடைத்துக்கொண்டது, நழுவியது, முறை கைவிடப்பட்டது.

அக்காலத்தில் காதுச் சீழ் எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரே குடும்பத்தின் கதை போதும். டப்ளினில் செயின்ட் மார்க்ஸ் என்ற கண், காது மருத்துவமனையை 1844-இல் நிறுவியவர் வில்லியம் வைல்ட். காதின் பின்புற எலும்பில் சீழ் கட்டினால் அதைக் கீறி வெளியேற்றும் முறைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அவருடைய மகன்தான் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்ட். சிறையில் இருந்தபோது காது வலியாலும் காது கேளாமையாலும் துன்பப்பட்ட ஆஸ்கர், 1900 நவம்பர் 30 அன்று பாரிஸில் மூளைக் காய்ச்சலால் இறந்தார். நாள்பட்ட காது நோய் மூளைக்குப் பரவியதே காரணம் என்பது மருத்துவ வரலாற்றாளர் பலரின் முடிவு. ஐரோப்பாவின் பேர்பெற்ற காது மருத்துவர்களில் ஒருவருடைய பிள்ளைக்கே இந்தக் கதி என்றால், ஓட்டைக் காதுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் போவதையும் டாக்டர்கள் ஏன் அஞ்சினார்கள் என்பது விளங்கும்.

பொலிட்சர் விட்ட இடத்திலிருந்து 1954-இல் தொடங்கியவர் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து டாக்டர் பெவர்லி ஆர்ம்ஸ்ட்ராங். நடுக்காதில் நீர் கோத்த நோயாளிகளுக்குச் செவிப்பறையில் சிறு வினைல் குழாய் வைத்தார். ஆன்டிபயாடிக் வந்துவிட்ட காலமாதலால் இம்முறை அது நிலைத்தது. குரோமெட் என்ற பெயரில் சில பத்தாண்டுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பிள்ளைகளுக்குச் செய்யப்படும் மிகச் சாதாரண அறுவை சிகிச்சைகளில் ஒன்றாகிவிட்டது. கூடவே ஒரு தடையும் வந்தது. காதில் குழாய் இருக்கும்வரை நீச்சல் கிடையாது. அப்படியே இறங்கினாலும் காதின் அச்செடுத்துச் செய்த அடைப்பான், அதன்மேல் பட்டை, தொப்பி. கோடை முழுக்கக் கரையில் உட்கார்ந்து மற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தலைமுறை அந்த நாடுகளில் வளர்ந்தது.

அந்தத் தடைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று டாக்டர்கள் தங்களையே கேட்கப் பல ஆண்டுகள் ஆயின. குழாயின் துளை ஒரு மில்லிமீட்டர் அளவு. தண்ணீரின் பரப்பு இழுவிசை அவ்வளவு சிறிய துளைக்குள் அதைச் சுலபமாக நுழைய விடாது; ஆழத்தில் மூழ்கினால்தான் அழுத்தம் கூடி உள்ளே தள்ளும். சோப்பு கலந்த தண்ணீருக்கு இழுவிசை குறைவு. ஆகவே வீட்டில் தொட்டித் தண்ணீரில் தலையை முக்கிச் சோப்புப் போட்டுக் குளிப்பது, குளத்தின் மேற்பரப்பில் நீந்துவதைவிட ஆபத்து கூடியதாகக்கூட இருக்கலாம். பிட்ஸ்பர்கில் 201 சிறு பிள்ளைகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் அடைப்பான் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2005-இல் வெளிவந்தது. அடைப்பான் வைத்தவர்களில் 47 விழுக்காட்டினருக்கும் வைக்காதவர்களில் 56 விழுக்காட்டினருக்கும் ஒருமுறையாவது காது வடிந்தது. ஒரே ஒரு தடவை வடிவதைத் தவிர்க்க, ஒரு பிள்ளை சராசரியாக ஏறக்குறைய மூன்று ஆண்டு அடைப்பானோடு திரிய வேண்டும் என்று கணக்கு வந்தது. 2013-இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் சங்கம் தன் வழிகாட்டியில், குழாய் வைத்த பிள்ளைகளை வழக்கமாகத் தண்ணீரிலிருந்து விலக்கிவைக்க வேண்டாம் என்று எழுதிவிட்டது.

நீச்சலால் உண்மையிலேயே வரும் காது நோய் வேறு. அது செவிப்பறைக்கு வெளியே, காதுத் துளையின் தோலில் வருவது. ஈரத்தில் ஊறிய தோல் தன் காப்பை இழக்க, சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் பற்றிக்கொள்ளும். காது மடலைத் தொட்டு இழுத்தாலே உயிர் போகும் வலி. வெப்ப நாடுகளுக்கு வந்த வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இதைச் 'சிங்கப்பூர் காது', 'ஹாங்காங் காது' என்று அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் படைவீரர்களை இது பாடாய்ப் படுத்தியது. அதுவரை பூஞ்சையைக் குறை சொல்லிவந்த மருத்துவம், பாக்டீரியாவின் பங்கை அங்கேதான் தெளிவாகக் கண்டது. இந்த நோய்க்குத் தண்ணீரைத் தவிர்ப்பதும் சொட்டு மருந்தும்தான் வழி. இரண்டு நோய்களையும் 'காது வலி' என்ற ஒரே பேச்சில் சேர்த்துவிட்டதால், ஒன்றுக்குப் பொருந்தும் தடை மற்றதன் மீதும் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஆஸ்திரேலியாவில் இந்தத் தடைக்கு இன்னொரு முகம் இருந்தது. அதைச் சொல்லாமல் ஜிகலாங் குளத்தின் வரலாறு முழுமையாகாது.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடக்கே மோரீ என்ற பருத்தி, கோதுமை ஊர். பூமிக்கடியிலிருந்து வெந்நீர் பீறிட்டு வரும் ஊற்றுக் குளியல் அங்கே பெயர்பெற்றது. வாதநோய்க்கு நல்லதென்று தொலைவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். 1955-இல் மோரீ நகராட்சி, பழங்குடியினர் அந்தக் குளியல் இடத்துக்குள்ளும் ஊரின் நினைவு மண்டபத்துக்குள்ளும் வரக் கூடாது என்று தீர்மானம் போட்டது. பள்ளி நேரத்தில் வகுப்போடு வரும் பழங்குடிப் பிள்ளைகள் மட்டும் இறங்கலாம். பள்ளி விட்டதும் வெள்ளைப் பிள்ளைகள் நீச்சலைத் தொடர, இவர்கள் மட்டும் வெளியேற வேண்டும். இதற்குச் சொல்லப்பட்ட நியாயம் சுகாதாரம். அந்தப் பிள்ளைகளுக்குச் சிரங்கு, காதில் சீழ், மூக்கில் சளி. அவர்கள் இறங்கினால் தண்ணீர் கெடும் என்றார்கள்.

1965 பிப்ரவரியில் சிட்னி பல்கலைக்கழக மாணவர்கள் சுமார் முப்பது பேர் ஒரு பஸ்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு இத்தகைய ஊர்களுக்குப் புறப்பட்டார்கள். அமெரிக்காவில் 1961-இல் கறுப்பின உரிமைக்காக நடந்த பஸ் பயணங்களே அவர்களுக்கு முன்மாதிரி. தலைவர் சார்லஸ் பெர்கின்ஸ், அரெண்டே இனத்தவர், கால்பந்து ஆட்டக்காரர். அடுத்த ஆண்டு அவர் வாங்கிய பட்டம், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பெற்ற முதல் பல்கலைக்கழகப் பட்டங்களில் ஒன்று. மோரீயில் அவர்கள் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குளத்து வாசலுக்குப் போனார்கள். பேச்சு, வாக்குவாதத்துக்குப் பிறகு பிள்ளைகள் உள்ளே விடப்பட்டார்கள். பஸ் அடுத்த ஊருக்குப் போனதும் தடை திரும்பிவிட்டதாகச் செய்தி வந்தது. மாணவர்கள் பஸ்ஸைத் திருப்பினார்கள். பிப்ரவரி 20 அன்று குளத்து வாசலில் நூற்றுக்கணக்கானோர் திரண்டு முட்டையையும் தக்காளியையும் எறிந்தார்கள், சிலர் கைநீட்டி அடித்தார்கள். அடி வாங்கியவர்களில் ஒருவரான ஜிம் ஸ்பிகல்மன் பின்னாளில் நியூ சவுத் வேல்ஸின் தலைமை நீதிபதியானார். மணிக்கணக்கான இழுபறிக்குப் பின் நகரத் தலைவர் தடையை நீக்க முயல்வதாக வாக்களித்தார். அந்த நிகழ்ச்சி நாட்டின் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

காதில் சீழ் என்ற காரணம் காட்டி ஒரு பிள்ளையைக் குளத்துக்கு வெளியே நிறுத்தியது, அந்த ஊரில், மருத்துவ அக்கறையால் அல்ல. அக்கறை இருந்திருந்தால் அந்தக் காதை யாராவது பார்த்திருப்பார்கள். முப்பத்தைந்து ஆண்டு கழித்து ஜிகலாங்கில் பார்த்தார்கள்.

ஜிகலாங்கும், மவுன்ட் அகஸ்டஸ் மலைப் பக்கத்தில் உள்ள பரிங்குராவும் குளம் பெற்ற ஆண்டு 2000. மாநில அரசு பணம் போட, உயிர்காப்புச் சங்கம் பராமரிப்பை ஏற்றது. பெர்த்தில் இருந்த டெலிதான் குழந்தை நல ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து டெபோரா லேமன் தலைமையில் ஒரு குழு வந்தது. காது நிபுணர்கள் பிரான்சிஸ் லானிகனும் ஹார்வி கோட்சும் அதில் இருந்தார்கள். நிறுவனத் தலைவர் ஃபியோனா ஸ்டான்லி. குளம் திறப்பதற்கு முன் ஒருமுறையும், பிறகு ஒன்றரை ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் பதினேழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைப் பார்த்தார்கள்.

தொடக்கத்தில் கிடைத்த எண்களே நெஞ்சை அடைப்பவை. ஒரு ஊரில் 62 விழுக்காடு, இன்னொன்றில் 70 விழுக்காடு பிள்ளைகளுக்குத் தோலில் சீழ்ப்புண். இரண்டு ஊர்களிலும் 32 விழுக்காடு பிள்ளைகளுக்குச் செவிப்பறையில் ஓட்டை. பதினெட்டு மாதத்தில் தோல் புண் முறையே 18 விழுக்காட்டுக்கும் 20 விழுக்காட்டுக்கும் இறங்கியது. செவிப்பறை ஓட்டை ஒரு ஊரில் 13 விழுக்காட்டுக்கும் இன்னொன்றில் 18 விழுக்காட்டுக்கும் குறைந்தது. காது கெட்டுப்போகும் என்று வைத்தியம் அஞ்சிய இடத்தில் காது ஆறியிருந்தது. 2003-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானபோது உலகெங்கும் காது மருத்துவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தக் குளங்களுக்கு ஒரு விதி இருந்தது: பள்ளிக்கு வராத நாளில் குளமும் இல்லை. நாற்பது டிகிரிக்கு மேல் வெயில் காய்கிற ஊரில் அதைவிடப் பெரிய ஈர்ப்பு பிள்ளைகளுக்கு வேறென்ன? இரண்டில் ஒரு ஊரில் வருகைப் பதிவு கூடியது. சில ஆண்டுகளுக்குப் பின் ஜிகலாங் மருத்துவ நிலையத்தின் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தார்கள். குளம் வந்த பிறகு பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக் 45 விழுக்காடு குறைந்திருந்தது; தோல் நோய்க்காக வந்தவர்கள் 68 விழுக்காடு, நடுக்காது நோய்க்காக வந்தவர்கள் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவு. தோல் புண் ஆறுவது தோலோடு நிற்கிற சங்கதி அல்ல. அந்தப் புண்களில் வளரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீரக நோயால் டயாலிசிஸ் எந்திரத்தோடு வாழ்நாளைக் கழிப்பவர்கள் ஆஸ்திரேலியப் பழங்குடியினரிடையே மிக அதிகம்.

எப்படி ஆறியது? குளோரின் கலந்த நீர் தினமும் உடம்பைக் கழுவுகிறது, புண்ணைக் கழுவுகிறது. நீந்தும் பிள்ளை இருமி, சிந்தி, மூக்கைச் சுத்தம் செய்துகொள்கிறது. நோய் மூக்கின் பின்புறத்திலிருந்து வருவதால், மூக்கு சுத்தமானால் நடுக்காதுக்கு ஏறும் கிருமியும் குறையலாம். நெரிசலான வீடுகளில் பிறக்கும் பழங்குடிக் குழந்தைகளின் மூக்கில், பிறந்த சில வாரங்களிலேயே நியூமோகாக்கஸ், ஹீமோபிலஸ் என்ற கிருமிகள் குடியேறிவிடுகின்றன என்பது முன்பே தெரிந்த சங்கதி. பள்ளிகளில் காலையில் மூக்கைச் சிந்தி, மூச்சிழுத்து, இருமி, கொஞ்சம் ஓடிவிட்டு வகுப்பைத் தொடங்கும் பழக்கத்தை ஆஸ்திரேலிய சுகாதாரப் பணியாளர்கள் கொண்டுவந்ததும் இந்தக் காரணத்தால்தான்.

ஆனால் ஜிகலாங் ஆய்வில் ஒரு குறை உண்டு. குளம் இல்லாத ஓர் ஊரோடு அது ஒப்பிடவில்லை. அந்த ஒன்றரை ஆண்டில் வேறு எது மாறியதாலும் காது ஆறியிருக்கலாம். அந்தக் கேள்விக்கு விடை தேடி, வடக்குப் பிரதேசத்தின் இரண்டு ஊர்களில் செவிப்பறை ஓட்டையான 89 பள்ளிப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு சோதனை நடந்தது. 41 பேர் நான்கு வாரம், வாரத்தில் ஐந்து நாள் நீந்தினார்கள். 48 பேர் நீந்தவில்லை. முடிவில் நீந்தியவர்களில் 24 பேருக்கும் நீந்தாதவர்களில் 32 பேருக்கும் காது வடிந்துகொண்டிருந்தது. புள்ளியியல் கணக்கில் அது ஒரு வித்தியாசமே அல்ல. 2013-இல் வந்த இந்த முடிவைக் கண்டு குளத்தை நம்பியவர்கள் சோர்ந்துபோனார்கள். ஆனால் அதே முடிவை மறுபுறம் பார்க்க வேண்டும். பறையில் ஓட்டையோடு, சீழ் வடியும் காதோடு, ஒரு மாதம் தினமும் குளோரின் குளத்தில் நீந்தியும் அந்தப் பிள்ளைகளின் காது மோசமாகவில்லை. தலைமுறைகளாகச் சொல்லிவந்த தடையைத் தாங்கிப் பிடிக்க அந்தச் சோதனையில் எதுவும் கிடைக்கவில்லை. குளம் மட்டும் மருந்தாகாது. காதைத் துடைத்துச் சுத்தம் செய்வதும் சொட்டு மருந்தும் வேண்டும். பழங்குடியினரே நடத்தும் மருத்துவ நிலையங்களில் நடந்து 2003-இல் வெளியான ஒரு சோதனையில், சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு விட்ட பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குக் காது வறண்டது. பழைய சொட்டு மருந்தில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான்.

இன்று ஒரு காது டாக்டர் பெற்றோரிடம் சொல்வது பிள்ளையின் நோய் எது என்பதைப் பொறுத்தது. காதுத் துளையின் தோல் வீங்கி, மடலைத் தொட்டால் வலித்தால், ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் வேண்டாம் என்பார். சளியோடு நடுக்காது வலி, பறை முழுதாக இருக்கிறது, காய்ச்சல் விட்டுவிட்டது என்றால் நீந்தலாம். ஆழத்தில் மூழ்கினால் வலி கூடும், அதை மட்டும் தவிர்க்கச் சொல்வார். பறை புதிதாகக் கிழிந்து வடிகிறதென்றால் ஆறுவதைப் பார்த்துச் சொல்லும்வரை கரையில் இருக்க வேண்டும். குரோமெட் வைத்த பிள்ளை சுத்தமான குளத்தில் மேலோட்டமாக நீந்துவதற்கு இப்போது பெரும்பாலும் மறுப்பதில்லை. இந்தப் பேச்சில் 'சுத்தமான' என்ற நிபந்தனை எல்லா இடத்திலும் உண்டு. ஜிகலாங்கில் ஆறியது பயிற்சி பெற்ற ஆள் தினமும் குளோரின் அளந்து பராமரித்த குளத்தில். தேங்கிய குட்டைக்கு அந்த எண்கள் பொருந்தாது.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. ஒரு பிள்ளையின் உடம்பைக் கழுவ ஏன் ஊருக்கு ஒரு நீச்சல் குளம் தேவைப்பட்டது? இதற்கான பதில் ஜிகலாங் குளத்துக்குப் பதிமூன்று ஆண்டு முன்பே தென் ஆஸ்திரேலியாவின் வடமேற்கில் எழுதப்பட்டிருந்தது. அங்கே பழங்குடியினர் நடத்திய நங்கனம்பா சுகாதார மன்றத்தின் தலைவர் யாமி லெஸ்டர். 1953-இல் பிரிட்டன் அந்தப் பாலைவனத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தபோது சிறுவனாக இருந்தவர், அதன் கரும்புகை படிந்த பின் கண்பார்வை போயிற்று என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். 1985-இல் அவர் ஒரு கட்டடக் கலைஞரையும் ஒரு டாக்டரையும் ஒரு சுற்றுப்புறச் சுகாதார வல்லுநரையும் அழைத்து, மக்கள் நோயில் விழாமல் தடுக்க வழி கண்டுபிடியுங்கள் என்றார். பால் ஃபோலரோஸ், பால் டோர்சில்லோ, ஸ்டீபன் ரைனோவ் ஆகிய அந்த மூவரும் 1987-இல் கொடுத்த அறிக்கையில், நலமாக வாழ ஒரு வீட்டில் நடந்தாக வேண்டியவை என்று ஒன்பதைக் குறித்தார்கள். முதலில் இருந்தது உடம்பைக் கழுவுவது, அதிலும் தினமும் பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது. இரண்டாவது துணி துவைப்பது.

பிறகு அவர்கள் ஆஸ்திரேலியா முழுக்க ஆயிரக்கணக்கான பழங்குடி வீடுகளில் குழாயைத் திருகிப் பார்த்தார்கள். முதன்முறை பார்த்தபோது குளிக்கும் ஷவர் வேலை செய்த வீடுகள் 35 விழுக்காடுதான். வெந்நீர்க் கலன் ஓட்டை, தண்ணீர் வெளியேறும் குழாய் அடைப்பு, சரிவு தப்பிய தளம். குடியிருப்பவர்கள் உடைத்துப் போடுகிறார்கள் என்பதுதான் ஊரில் பேசப்படும் குற்றச்சாட்டு. பழுதுகளின் காரணத்தை ஒவ்வொன்றாகப் பதிந்தபோது, குடியிருப்பவர்களால் நேர்ந்தவை சுமார் பத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் கட்டும்போதே செய்த கோளாறும், கட்டியபின் யாரும் வந்து பராமரிக்காததும். மோரீயில் பிள்ளைகளின் சிரங்கைக் காட்டி வாசலை அடைத்தவர்கள், அந்தப் பிள்ளைகளின் குடியிருப்பில் எத்தனை குழாயில் தண்ணீர் வருகிறது என்று கேட்டதில்லை.

ஃபோலரோஸின் குழு ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டது. வெறும் கணக்கெடுப்புக்கு எந்த வீட்டுக்குள்ளும் போவதில்லை. படிவத்தோடு ஸ்பானரையும் எடுத்துப் போவார்கள். ஷவர் வரவில்லை என்று குறித்தால், அன்றைக்கே பிளம்பர் வந்து அதைச் சரிசெய்ய வேண்டும். இந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊர்ப் பழங்குடியினரே. நியூ சவுத் வேல்ஸ் அரசு இந்த முறையைத் தன் சுகாதாரத் துறையின் திட்டமாக எடுத்துக்கொண்டு, பழங்குடி வீடுகளில் குழாயும் ஷவரும் கழிவறையும் பழுதுபார்த்துவருகிறது.